இரும்புக்கடைக்குக் கொடுக்குமுன்: பழைய சைக்கிளின் பிரேமையும் கிராங்கையும் திருத்துவது எப்படி?

வீடு வாசலை விட்டு அவசரமாக வெளியேறும் குடும்பம் எதைக் கையில் எடுக்கும்? பிள்ளைகள், பத்திரங்கள், ஒரு மூட்டைத் துணி, சமையல் பாத்திரம். அதற்கு அடுத்தபடியாக, இருக்குமானால், சைக்கிள். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, நெல் மூட்டையும் முதியோரும் குழந்தைகளும் சைக்கிளில்தான் சென்றார்கள். அதற்கு முன்னரும் பின்னரும் எரிபொருள் தடை நிலவிய ஆண்டுகளில் வடக்கின் விறகு, மரக்கறி, பால், நோயாளி அனைத்தையும் சுமந்தவை அந்தப் பழைய ரலி, ஹம்பர், றட்ஜ் வண்டிகளே. புதிய உதிரிப்பாகம் கிடைக்காத அக்காலத்தில், இருந்த வண்டிகளைத் திருத்தித் திருத்தியே மக்கள் ஓட்டினார்கள்.

எமது கேகாலை மாவட்டமும் இடப்பெயர்வை அறியாததல்ல. 2016 மே 17ஆந் திகதி அரநாயக்க சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயன்கள் மண்ணில் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகம் எங்கும் மீண்டும் மண்சரிவையும் வெள்ளத்தையும் கொண்டு வந்தது. இப்படி நிலத்தை இழந்து வேறிடத்தில் குடியேறும் குடும்பத்துக்கு முதலில் வரும் கஷ்டம் தூரம். வேலைத்தலம் தூரம், பாடசாலை தூரம், சந்தை தூரம். பஸ் காசு கொடுத்தே நாட்கூலி கரைந்துவிடும்.

2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியில் இந்த உண்மை நாடு முழுவதற்கும் தெரிந்தது. அவ்வருடம் ஏப்ரல் 19ஆந் திகதி ரம்புக்கனையில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து மக்கள் ரயில் பாதையை மறித்தனர். பொலிசார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். அந்த மாதங்களில் நாடெங்கும் மக்கள் கொட்டகையின் மூலையில் கிடந்த பழைய சைக்கிள்களைத் தேடி எடுத்தார்கள். புதிய வண்டியின் விலையோ கைக்கெட்டாத உயரத்துக்குப் போயிற்று.

ஆகவே இக்கட்டுரையில் ஒரேயொரு விடயத்தைச் சொல்ல விரும்புகிறோம். துருப்பிடித்து, கிராங் இறுகி, மூலையில் சாய்ந்திருக்கும் பழைய உருக்குச் சைக்கிள் பெரும்பாலும் இறந்த வண்டி அல்ல. அதைக் கொல்வது துருவை விடச் சுத்தியலே. சரியான கருவி இரண்டு இருந்தால், அவற்றை நாமே செய்துகொள்ளவும் முடியும் என்றால், சுத்தியல் தேவைப்படாது. அதேவேளை, எந்தப் பழுதைத் திருத்தக்கூடாது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். ரம்புக்கனையிலிருந்து பொல்கஹவெல பக்கம் பாதை பெரும்பாலும் இலகு. ஆனால் கடுகண்ணாவை ஏற்றம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தோட்டப் பாதையின் இறக்கத்தில் போர்க் முறிந்தால் விழுவது வண்டி மட்டுமல்ல.

முதலில் பிரேமைப் பாருங்கள்

கிராங்கில் கை வைக்குமுன் பிரேம் பயன்படுமா என்று அறிய வேண்டும். பிரேம் கெட்டிருந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

1. கழுவுதல்: சேற்றையும் பழைய எண்ணெயையும் மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் கொண்டு நீக்குங்கள். வெள்ளத்தில் கிடந்த வண்டியாயின் சீட் தண்டைக் கழற்றி, பிரேமைத் தலைகீழாக வைத்து உள்ளேயுள்ள நீரை வடிய விடுங்கள். வெளியே பளபளக்கும் பிரேம் உள்ளே துருவால் தின்னப்பட்டிருக்கலாம்.

2. தட்டிப் பார்த்தல்: சிறிய ஸ்பனரால் குழாய்களை மெல்லத் தட்டுங்கள். நல்ல குழாய் கணீரென ஒலிக்கும். துரு தின்ற குழாய் செத்த ஒலி தரும். அந்த இடத்தை ஆணியின் முனையால் அழுத்துங்கள். ஆணி உள்ளே இறங்கினால் அந்தக் குழாயின் ஆயுள் முடிந்தது.

3. நூல் பிடித்தல்: பின்சில்லைக் கழற்றிவிட்டு, பின் அச்சு பொருந்தும் ஒரு காதில் நூலைக் கட்டுங்கள். அதை முன்னே கொண்டுபோய் ஹாண்டில் தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்கம் திருப்பி, மற்றக் காதில் இழுத்துக் கட்டுங்கள். இப்போது சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளவுகோலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றானால் பிரேமின் பின்பகுதி நேர். இரண்டு மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தால், உருக்குப் பிரேமைச் சூடாக்காமலேயே மரச்சட்டத்தை நெம்பாகக் கொண்டு சிறிது சிறிதாக வளைத்து நேராக்கலாம். ஒவ்வொரு தடவையும் நூலைப் பிடித்துப் பாருங்கள்.

4. வெடிப்புத் தேடுதல்: குழாய்கள் சேரும் மூட்டுகளையும், கிராங் கூட்டின் அருகையும், போர்க்கின் தோளையும் துணியால் துடைத்து மண்ணெண்ணெய் பூசுங்கள். பத்து நிமிடம் சென்றபின் நன்றாக உலரத் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் அதனுள் இறங்கிய மண்ணெண்ணெய் மேலே கசிந்து, வெள்ளைத் தூளில் மயிரிழை போன்ற கருங்கோட்டைக் காட்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பையும் இவ்வாறு காணலாம்.

5. மோதிய அடையாளம்: தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னே, மேற்குழாயினதும் கீழ்க்குழாயினதும் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். பெயின்ட் சுருங்கியோ குழாய் புடைத்தோ இருந்தால் அந்த வண்டி முன்னால் எதிலோ பலமாக மோதியிருக்கிறது.

திருத்தக்கூடியதும் திருத்தக்கூடாததும்

பழைய பிரேம்களின் குழாய்கள் மூட்டுக்களில் பித்தளை கொண்டு பற்றவைக்கப்பட்டவை. மூட்டு விட்டுப்போனால் அதே முறையில்தான் திருத்த வேண்டும். காஸ் விளக்கால் மூட்டைப் பிரகாசமான செந்நிறம் வரும்வரை சூடாக்கி, வெண்காரம் தூவி, பித்தளைக் கம்பியை உருக்கி மூட்டுக்குள் ஓடவிடுவர். இதற்கு ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். மின்சார வெல்டிங் இதற்கு ஏற்றதல்ல. சைக்கிள் குழாய் மெல்லியது. அதில் மின்வெல்டிங் செய்தால் ஓட்டை விழும், அல்லது வெல்டிங் ஓரத்தில் குழாய் நலிந்து சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். "வெல்டிங் போட்டேன், நிற்கவில்லை" என்று பலர் சொல்வதன் காரணம் இதுவே. பற்றவைக்குமுன் பெயின்டையும் முலாமையும் அவ்விடத்தில் முற்றாகச் சுரண்டிவிடுங்கள். துத்தநாக முலாம் எரியும் புகை நெஞ்சுக்குக் கெடுதி. வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்விக்க வேண்டும்.

பின்வருவனவற்றைத் திருத்த முயல வேண்டாம்:

• போர்க்கின் தோளிலோ, தலைக்குழாய்க்குள் ஏறும் தண்டிலோ வெடிப்பு.
• முன்னால் மோதி வளைந்து, மடிப்பு விழுந்த போர்க்.
• ஆணி இறங்குமளவு துரு தின்ற குழாய்.
• முறிந்த ஹாண்டில் தண்டு.

போர்க் முறியும்போது முன்னறிவிப்பு இராது. ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார். இன்னொரு பழைய வண்டியிலிருந்து நல்ல போர்க் ஒன்றை வாங்கிப் பூட்டுவதே வழி. தண்டின் நீளமும் மரையும் ஒத்துவருகின்றனவா என்று பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கொட்டர் ஆணி: இங்கேதான் வண்டிகள் சாகின்றன

பழைய வண்டிகளின் கிராங்குகள் நடு அச்சில் கொட்டர் ஆணியால் பிடிக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் சரிவாகத் தட்டப்பட்ட உருக்கு ஆணி அது. ரலி வகை வண்டிகளில் அதன் தடிப்பு 9.5 மி.மீ. வேறு சில வண்டிகளில் 9 மி.மீ. அச்சிலே வெட்டப்பட்ட தட்டையான பகுதியில் ஆணியின் சரிவு ஆப்புப் போல் இறுகி நிற்கிறது. அதன் மறுமுனையில் உள்ள நட்டு, ஆணி கழன்று வராமல் காவல் செய்வதற்கு மட்டுமே.

பெடலை மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் "டக்" என்ற ஒலியும் சிறிய ஆட்டமும் இருந்தால் ஆணி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் அச்சின் தட்டைப் பகுதியும் உருண்டுபோகும். பிறகு அச்சையும் கிராங்கையும் சேர்த்து மாற்ற நேரிடும். சில்லறைக் காசுக்கு வரும் ஆணியை நேரத்துக்கு மாற்றினால் பெருஞ்செலவு மிச்சம்.

பெரும்பாலானோர் நட்டைக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் ஆணியை அடிப்பர். கிராங்கின் அடியில் தாங்கு எதுவும் இல்லாததால் அடியின் வேகம் அச்சு வழியாகக் குண்டுகளுக்குப் போகிறது. குண்டுகள் கிண்ணத்தில் குழிகளைப் பதிக்கின்றன. ஆணியும் தலை வளைந்து, உள்ளே இன்னும் இறுகிவிடுகிறது. முடிவில் வண்டி பழைய இரும்பாகிறது.

முதற் கருவி: ஆணி தள்ளும் கவ்வி

சைக்கிள் தொழிற்சாலைகளிலும் பெரிய திருத்துமிடங்களிலும் இதற்கென்றே அழுத்துகருவி உண்டு. அதன் வேலையைச் செய்யக்கூடியதை நாமும் தயாரிக்கலாம். தச்சரும் வெல்டிங்காரரும் வைத்திருக்கும் கனமான உருக்கு ஜீ கவ்வி ஒன்று தேவை. வார்ப்பிரும்புக் கவ்வி வெடித்துவிடும், வேண்டாம். அத்துடன் ஆணியின் தலை உள்ளே நுழையுமளவு துளையுள்ள, ஓர் அங்குல நீளத் தடித்த குழாய்த் துண்டு ஒன்று.

செய்முறை:

1. முதல் நாளே ஆணியின் இரு முனையிலும் மெல்லிய எண்ணெயோ மண்ணெண்ணெய் கலந்த எண்ணெயோ விட்டு வையுங்கள்.
2. நட்டைக் கழற்றி வளையத்தை எடுத்துவிட்டு, நட்டை மாத்திரம் திரும்பப் பூட்டி, ஆணியின் முனையோடு மட்டமாக நிறுத்துங்கள். இது மரையைக் காக்கும்.
3. ஆணியின் தலைப்பக்கம் குழாய்த் துண்டை வையுங்கள். கவ்வியின் ஒரு வாய் குழாய்த் துண்டிலும், திருகு முனை நட்டிலும் பொருந்தட்டும்.
4. நேராகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்து, மெதுவாக இறுக்குங்கள். ஆணி "டக்" என்ற ஒலியோடு நகரும். நகராவிடின், இறுக்கிய நிலையிலேயே விட்டு, கிராங்கின் பக்கத்தில் சிறிதாக ஒரு தட்டுத் தட்டுங்கள். பின்னும் நகராவிடின் கிராங்கைச் சற்றுச் சூடாக்கி மீண்டும் முயலுங்கள்.

கவ்வி கிடைக்கவே இல்லையெனில் சுத்தியல்தான். ஆனால் தாங்கு கொடுங்கள். தரையிலிருந்து கிராங் வரை எட்டும் இரும்புக் குழாயை நிறுத்தி, ஆணி வெளியேறத் துளை இருக்குமாறு கிராங்கை அதன்மேல் வையுங்கள். அடி தரைக்குப் போகும், குண்டுகளுக்குப் போகாது. பத்துச் சிறு அடியை விடக் கனமான சுத்தியலால் நேரான ஒரே அடி நல்லது. ஆணி வளைந்தோ முறிந்தோ போனால், நடுவில் 4 மி.மீ, பின் 6 மி.மீ எனத் துளைத்து, எஞ்சியதை ஊசித்தண்டால் தட்டி எடுக்கலாம்.

கிராங் கூட்டின் கிண்ணங்கள்

கிராங்குகள் கழன்றதும் இடப்பக்கத்துப் பூட்டு வளையத்தையும், அதன்பின் இடப்பக்கக் கிண்ணத்தையும் வழமையான திசையில் இடஞ்சுழியாகத் திருப்பிக் கழற்றுங்கள். அச்சும் குண்டுகளும் வெளிவரும். கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 11 ஆக, கால் அங்குலக் குண்டுகள் 22 இருக்கும்.

செயின் பக்கத்துக் கிண்ணத்தில் பலர் தவறுகிறார்கள். அதன் மரை எதிர்மரை. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இடஞ்சுழியாக எவ்வளவு பலம் கொடுத்தாலும் அது மேலும் இறுகவே செய்யும். அந்தக் கிண்ணத்தைக் கழற்றுமுன் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். குண்டு ஓடும் தடம் வழவழப்பாக இருந்தால் கழற்ற வேண்டியதில்லை. துடைத்துப் புதிய கிறீஸ் வைத்தால் போதும். குழி விழுந்திருந்தால் மாத்திரம் கழற்றுங்கள்.

இரண்டாங் கருவி: போல்ட்டும் நட்டும்

அந்தக் கிண்ணத்தின் வெளி விளிம்பு மெல்லியது. சாதாரண ஸ்பனர் வழுக்கிவிடும். அதற்கு இலகுவான கருவி இது. கிண்ணத்தின் துளையில் நுழையக்கூடிய தடித்த போல்ட் ஒன்று, பெரும்பாலும் ஐந்தெட்டு அங்குலம் (16 மி.மீ), மூன்று அங்குல நீளமானது. அதற்கேற்ற நட்டு, தடித்த வளையங்கள் இரண்டு, சுருள் வளையம் ஒன்று.

போல்ட்டை இடப்பக்கமாகக் கூட்டுக்குள் விட்டு, தலை உள்ளேயும் மரை வெளியேயும் இருக்கும்படி கிண்ணத்துத் துளையால் நீட்டுங்கள். வெளியே வளையங்களைப் போட்டு நட்டைப் பூட்டுங்கள். உள்ளே போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை முடிந்தவரை இறுக்குங்கள். பிறகு தலையை விட்டுவிட்டு, நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பனரால் நட்டை மேலும் வலஞ்சுழியாகத் திருப்புங்கள். நட்டு இறுக இறுகக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே சுற்றும். எதிர்மரையாதலால் கிண்ணம் அதே திசையில் கழன்று வரும். இறுக்கும் திசையும் கழற்றும் திசையும் ஒன்றாக இருப்பதே இக்கருவியின் சூட்சுமம்.

புதிய கிண்ணம் வாங்கும்போது மரை எண்ணிக்கையைக் கவனியுங்கள். நொட்டிங்ஹாமில் ரலி கம்பெனி செய்த வண்டிகளில் அங்குலத்துக்கு 26 மரை. ஹம்பர் 1932இலும் றட்ஜ் 1943இலும் ரலியோடு சேர்ந்தவை. அதன்பின் வந்த அவ்வண்டிகளிலும் 26 மரையை எதிர்பார்க்கலாம். ஏனைய பெரும்பாலான வண்டிகளில் 24. பழைய கிண்ணத்தின் மரைமேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசுங்கள். பதிந்த கோடுகளை அரை அங்குலத்துக்கு எண்ணுங்கள். 12 வந்தால் 24 மரை, 13 வந்தால் 26 மரை. அந்தத் தாளையே கடைக்குக் கொண்டுபோங்கள். 24 மரைக் கிண்ணத்தை 26 மரைக் கூட்டில் பலவந்தமாக ஏற்றினால் பிரேமே பாழ்.

வளைந்த கிராங்கும் பெடலும்

உருக்குக் கிராங் சிறிது வளைந்திருந்தால், வண்டியிலிருந்து கழற்றிக் கனமான வைஸில் பிடித்து, நீண்ட குழாயை நெம்பாகக் கொண்டு நேராக்கலாம். இதை ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம். அலுமினியக் கிராங்கை வளைக்கவே கூடாது, அது முறியும். இடப்பக்கப் பெடலும் எதிர்மரை கொண்டது. இரு பக்கமும் நினைவில் வைக்க ஒரு வழி: ஸ்பனரை மேல்நோக்கிப் பொருத்தி, பின்சில்லுப் பக்கம் இழுத்தால் பெடல் கழலும், முன்சில்லுப் பக்கம் தள்ளினால் இறுகும்.

திரும்பப் பூட்டுதல்

கூட்டின் உட்புறத்தை உலரத் துடையுங்கள். கூட்டின் அடியில் 3 மி.மீ துளை ஒன்று போட்டால் இனி உட்புகும் மழைநீர் வடிந்துவிடும். சீட் குழாய் வழியாக அரைக் கோப்பை எண்ணெய் விட்டுப் பிரேமை எல்லாப் பக்கமும் சாய்த்து எடுங்கள். உட்துரு பரவாது.

கிண்ணத்தில் கிறீஸ் வைத்து, குண்டுகளை அதில் பதித்து, அச்சை நுழையுங்கள். கையால் சுற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆட்டினால் ஆடக்கூடாது. அந்த நிலையில் இடப்பக்கக் கிண்ணத்தை அசையாமல் பிடித்துப் பூட்டு வளையத்தை இறுக்குங்கள்.

புதிய கொட்டர் ஆணியை வாங்கியபடியே போட்டால் சரிவராது. அச்சின் தட்டையில் பென்சில் கரி தேய்த்து, ஆணியைச் செருகி எடுத்துப் பாருங்கள். கரி பட்ட இடத்தை மட்டமான அரத்தால் தேய்த்து, சரிவு முழுவதும் கரி படும்வரை திரும்பச் செய்யுங்கள். இரண்டு ஆணிகளும் தத்தம் கிராங்குக்கு ஒரே மாதிரியாகச் செல்ல வேண்டும். ஒன்றை மாற்றிப் போட்டால் கிராங்குகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நில்லா. ஆணியைக் கவ்வியால் உள்ளே அழுத்தியபின்னரே நட்டை அளவாக இறுக்குங்கள். நட்டால் ஆணியை இழுக்க முயன்றால் மரை உரிந்துபோகும். ஒரு நாள் ஓட்டியபின் கவ்வியால் மறுபடி அழுத்தி, நட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதியில் துருவைக் கம்பிப் பிரஷால் சுரண்டி, ரெட் ஒக்சைட் ஒரு பூச்சும் எனாமல் இரண்டு பூச்சும் கொடுங்கள். பிரேமில் பொறித்துள்ள இலக்கத்தை மட்டும் அரத்தால் தேய்க்க வேண்டாம். வண்டி உங்களுடையது என்பதற்கு அதுவே சாட்சி. பழைய வண்டி வாங்கும்போதும் அந்த இலக்கம் இருக்கிறதா என்று பார்த்து, விற்பவரிடம் துண்டு எழுதி வாங்குங்கள். ஓட்டத் தொடங்குமுன் பிரேக் கட்டைகளைச் சோதியுங்கள். மழையில் நனைந்த உருக்கு றிம்மில் பிரேக் பிடிக்க நேரமெடுக்கும். செங்குத்தான இறக்கத்தில் இறங்கித் தள்ளிச் செல்வது வெட்கமல்ல.

கருவிகள் பொதுவில் இருக்கட்டும்

ஜீ கவ்வி, போல்ட் கருவி, அரம், இரண்டு மூன்று ஸ்பனர், ஒரு டப்பா கிறீஸ். இவ்வளவும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியதில்லை. ஒரு குடியேற்றத்துக்கு ஒரு தொகுதி போதும். மரண சகாய சங்கமோ மாதர் சங்கமோ அதைப் பொறுப்பேற்று, எடுத்தவர் பெயரையும் திருப்பிய திகதியையும் கொப்பியில் எழுதி வைக்கலாம். இளைஞர் இருவர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டால் அயலுக்கு உதவியாகவும் அவர்களுக்கு வருமானமாகவும் இருக்கும். பெண் பிள்ளைகளையும் பழக்குங்கள். கவ்வியால் செய்யும் வேலைக்குப் பெரிய உடற்பலம் வேண்டியதில்லை.

பழைய இரும்பு வாங்குபவர் அடுத்த முறை வாசலில் வந்து குரல் கொடுக்கும்போது, வண்டியைத் தூக்கித் தராசில் வைக்குமுன் ஒருதரம் நூலைப் பிடித்துப் பாருங்கள், சுண்ணக்கட்டித் தூளைத் தடவிப் பாருங்கள். பிரேமும் போர்க்கும் நேராக, வெடிப்பின்றி இருந்தால் அந்த வண்டியைக் கொடுக்க வேண்டாம். நிறுத்து விற்றால் கிடைப்பது ஒரு நாள் செலவுக்குக் காணாது. திருத்தி எடுத்தால் பிள்ளை பாடசாலைக்கும், நீங்கள் வேலைக்கும், மரக்கறி மூட்டை சந்தைக்கும் போய்ச் சேரும்.